கொய்யாப் பழத்தில் வீட்டிலேயே ஜாம்

திருச்சி, புதுக்கோட்டைக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பழ ஜாம் பாட்டில்களுள் குழந்தைகள் முதலில் கை நீட்டுவது செந்நிற ஸ்ட்ராபெரி ஜாமுக்கே. ஸ்ட்ராபெரி குளிர்ப்பாங்கான மலைப்பகுதிப் பயிர். மகாராஷ்டிர மாநிலத்து மகாபலேசுவரம் இதற்குப் பெயர் பெற்ற இடம். அங்கு விளையும் ஸ்ட்ராபெரிக்கு 2010-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழ்நாட்டில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஓரளவு பயிரிடுகின்றனர். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர்ப் பக்கத்தில் செம்மண்ணும் சித்திரை வெயிலும் அதற்கு ஒத்துவரா.

ஆயினும் இதில் நமக்கு நட்டம் ஏதுமில்லை. ஸ்ட்ராபெரியில் நிறமும் மணமும் உண்டே தவிர, ஜாம் இறுகுவதற்கு வேண்டிய பொருள் குறைவு. நம் கிணற்றுத் தோட்டத்து வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் நிற்கிற கொய்யாவிலோ அப்பொருள் மிகுதி. ஜாம் செய்யக் கற்றுக்கொள்பவர் கொய்யாவில் தொடங்கினால் கைகூடும். ஸ்ட்ராபெரியில் தொடங்கினால் பாகுதான் மிஞ்சும்.

கொய்யா வைத்திருக்கும் சிறு உழவர்களின் தொல்லை வேறு. காய்ப்புக் காலத்தில் எல்லா மரமும் ஒருசேரப் பழுக்கும். பறித்த பழம் இரண்டு மூன்று நாள் தாங்குவதே அரிது. சந்தையில் வரத்துக் கூடினால் பறிகூலிக்கும் பேருந்துக் கட்டணத்திற்குமே விலை காணாது. பெரிய, மாசற்ற பழங்களை வியாபாரி எடுத்துக்கொள்வார். சிறுத்தவையும் கோணலானவையும் மரத்தடியில் கிடந்து பழ ஈக்கு இரையாகும். அத்தகைய பழத்தை, அது நல்ல பழமாக இருக்கும்போதே, ஆறு மாதம் வைத்துண்ணும் பொருளாக மாற்றுவதே இப்பாடத்தின் நோக்கம்.

சர்க்கரை எவ்வாறு காக்கிறது?

பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நீரே. அந்நீரில்தான் பூஞ்சாணமும் நொதியும் வளர்கின்றன. மாவடுவில் உப்பு இடுகிறோம். மிளகாயை வெயிலில் காய வைக்கிறோம். கருவாட்டுக்கு இரண்டையும் செய்கிறோம். இவற்றிலெல்லாம் ஒரே தத்துவந்தான் வேலை செய்கிறது. நுண்ணுயிர்களுக்கு நீர் கிட்டாமல் செய்துவிட்டால் பொருள் கெடாது. ஜாமில் உப்பின் வேலையைச் சர்க்கரை செய்கிறது. நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், ஈரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் பூஞ்சாணத்தால் அதைக் குடிக்க இயலாது.

இதற்கு அளவு உண்டு. முடிந்த ஜாமின் எடையில் நூற்றுக்கு 65 பங்காவது கரைபொருளாக, அதாவது பெரும்பாலும் சர்க்கரையாக, இருத்தல் வேண்டும். இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகள் ஜாமுக்குக் குறிப்பிடும் கீழெல்லையும் அதுவே. 1955-ஆம் ஆண்டின் பழைய பழப்பொருள் ஆணையில் இது 68.5 என்றிருந்தது. "இனிப்பு அதிகமாக இருக்கிறதே, சர்க்கரையைப் பாதியாக்கலாமே" என்று பல இல்லங்களில் கேட்பதுண்டு. பாதியாக்கலாம், ஆனால் அது ஜாம் ஆகாது, சில நாளில் தின்று தீர்க்க வேண்டிய பழக்களியே ஆகும். அதைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தால் ஒரு வாரத்தில் நுரைத்துப் புளிக்கும்.

சர்க்கரை அளவுக்கு மீறினாலும் தீங்கே. பாட்டிலின் அடியிலும் ஓரத்திலும் கற்கண்டுபோல் மணல் தட்டும்.

மூன்றும் கூடினால்தான் இறுகும்

பழத்தின் திசுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருக்கும் பசைப்பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். சுவரில் செங்கல்லுக்கு இடையே உள்ள சாந்தைப் போன்றது எனலாம். பழத்தை வேகவைக்கும்போது இது நீரில் இறங்குகிறது. போதிய புளிப்பும் போதிய சர்க்கரையும் உடன் சேரும்போது வலைபோல் பின்னிக்கொண்டு முழுவதையும் இறுகச் செய்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இறுகாது.

காயில் பெக்டின் கரையாத நிலையில் இருக்கும். பழுக்கத் தொடங்கும் நேரத்தில் கரையும் நிலைக்கு வரும். மிகக் கனிந்துவிட்டால் சிதைந்து பயனற்றுப் போகும். எனவே கனிந்த பழம் மட்டும் எடுத்தால் மணம் இருக்கும், இறுக்கம் இராது. செங்காய் மட்டும் எடுத்தால் இறுகும், மணம் இராது. மூன்று பங்கு நன்கு பழுத்த பழமும் ஒரு பங்கு செங்காயுமாகக் கலந்துகொள்வது நலம்.

கொய்யாவில் பெக்டின் இருக்கிறது, புளிப்புப் போதாது. அதைச் சிட்ரிக் அமிலத்தாலோ எலுமிச்சஞ் சாற்றாலோ ஈடு செய்கிறோம். புளிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொதிக்கும்போது சர்க்கரையின் ஒரு பகுதியை அது குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிரித்துவிடுவதால் பிற்பாடு மணல் தட்டுவது குறைகிறது. விளாம்பழத்திலும் களாக்காயிலும் பெக்டின், புளிப்பு ஆகிய இரண்டும் நிறைவாக உண்டு. பப்பாளி, பலா, அன்னாசி ஆகியவை ஸ்ட்ராபெரியைப்போலவே பெக்டின் குறைந்தவை. அவற்றைக் கொய்யாக் கூழுடன் பாதிக்குப் பாதி கலந்து செய்தால் நன்கு இறுகும். கடைகளில் "பலபழ ஜாம்" என்று விற்பதன் உட்பொருளும் ஏறத்தாழ இதுவே.

பழம் தெரிந்தெடுத்தல்

வெண்சதைக் கொய்யாவும் செஞ்சதைக் கொய்யாவும் இதற்கு ஏற்றவையே. லக்னோ-49, அலகாபாத் சபேதா போன்ற வெண்சதை இரகங்களில் செய்யும் ஜாம் தேன் நிறத்திலும், செஞ்சதைப் பழத்தில் செய்வது இளஞ்சிவப்பாகவும் அமையும். கொய்யா ஜாம் ஸ்ட்ராபெரி ஜாம்போல் சிவக்க வேண்டும் என்பதற்காகக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சாயப்பொடியைச் சேர்ப்பது கூடவே கூடாது. உணவுக்கு அனுமதிக்கப்படாத சாயங்களும் பொட்டலத்தில் விற்கப்படுகின்றன. நிறம் வேண்டுமெனில் ஒரு சிறு பீட்ரூட் துண்டைக் கூழுடன் வேகவைத்து எடுத்துவிடலாம்.

மழை நாட்களில் பறிக்கும் பழத்தில் நீர் மிகுந்து இனிப்புக் குறைந்திருக்கும். பழ ஈப் புழுவும் அப்போது அதிகம். ஒவ்வொரு பழத்தையும் இரண்டாக அரிந்து பார்த்த பிறகே பாத்திரத்தில் இடவேண்டும். மேலே சொறிபோன்ற தழும்பு இருந்தால் தோலோடு சீவி எறிந்துவிட்டுச் சதையைப் பயன்படுத்தலாம். புழு, அழுகல், புளித்த நெடி ஆகியவற்றுள் எது இருந்தாலும் பழம் முழுவதும் எருக்குழிக்குத்தான்.

"அணில் கடித்த பழம்தான் இனிக்கும்" என்பார்கள். இனிக்கலாம். ஆனால் இரவில் கொய்யா மரத்துக்கு வருவது அணில் அன்று, வௌவால். 2018-ஆம் ஆண்டில் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் பரவிப் பலர் இறந்தபின், அந்நச்சுயிரி பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது ஊரெங்கும் பேச்சாயிற்று. எந்த உயிர் கடித்தது என்று பல்தடத்தைப் பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. ஆகவே கடிபட்ட பழம் எதையும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், சேர்க்க வேண்டாம். குழந்தைகள் பொறுக்கித் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை

ஒரு கிலோ கொய்யாக் கூழுக்கு ஒரு கிலோ சர்க்கரை, 5 கிராம் சிட்ரிக் அமிலம் என்பது கணக்கு. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அமிலம் கிடைக்காவிடில், சாறு மிகுந்த நான்கு எலுமிச்சம் பழத்தின் சாற்றை வடிகட்டிச் சேர்க்கலாம். வெல்லத்திலும் செய்யலாம் எனினும் நிறம் கறுக்கும், வெல்லத்தின் மணம் கொய்யாவின் மணத்தை அமுக்கிவிடும். முதல் முறை சர்க்கரையிலேயே செய்து பழகுதல் நல்லது.

பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமல் பூசியதாகவோ, அகன்றும் அடி கனமாகவும் இருக்கட்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் ஆகா. புளிப்புப் பட்டால் களிம்பு இறங்கும். இரும்புச் சட்டியில் ஜாம் கறுத்துப்போகும். பாத்திரத்தின் வெற்று எடையை முதலிலேயே நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதன் பயன் பின்னால் தெரியும்.

பழங்களை நன்கு கழுவிச் சிறு துண்டுகளாக அரிந்து, பழத்தின் எடையில் பாதி அளவு நீர் ஊற்றி, மூடி, இருபது நிமிடம் வேகவிட வேண்டும். தோலை நீக்க வேண்டியதில்லை. துண்டுகள் குழைந்தபின் மரக்கரண்டியால் மசித்து, எவர்சில்வர் சல்லடையில் இட்டுத் தேய்த்தால் கூழ் கீழே இறங்கும். விதையும் தோல் நார்களும் மேலே தங்கும். மின் அரைவை இயந்திரத்தில் இடுபவர்கள் விதை அரைபடாதபடி ஓரிரு சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். விதை அரைபட்டால் ஜாம் நறநறக்கும்.

கூழை நிறுத்து, பாத்திரத்திலிட்டுச் சூடேற்றி, சர்க்கரையைச் சேர்த்து, சிறு தீயில் முழுவதும் கரையும்வரை கிளறவேண்டும். சர்க்கரை கரையும் முன் தீயைத் தூண்டினால் அடிபிடிக்கும். கரைந்தபின் தீயைக் கூட்டி விரைவாகக் கொதிக்க விடுதல் வேண்டும். மெல்லிய தீயில் நெடுநேரம் காய்ச்சுவதே பலர் வீட்டில் ஜாம் கறுத்து, இறுகாமல், வெல்லப்பாகு மணத்தோடு போவதற்குக் காரணம். நெடிய கொதி பெக்டினைச் சிதைத்துவிடும். இதே காரணத்தால் பத்துக் கிலோ கூழை அண்டாவில் ஒரே ஈடாகக் காய்ச்சக் கூடாது. இரண்டு கிலோவுக்கு மேல் ஓர் ஈட்டுக்கு வேண்டாம். விறகடுப்பாயின் காய்ந்த விறகாகப் பார்த்து வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் கொள்ளியை வெளியே இழுத்துத் தீயைத் தணிக்கலாம்.

கெட்டியாகும்போது கூழ் குமிழ்விட்டுத் தெறிக்கும். கொதிக்கும் ஜாம் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். காம்பு நீண்ட மரக்கரண்டி, முழங்கைவரை துணி, அடுப்பருகே குழந்தைகள் வராத ஏற்பாடு இம்மூன்றும் இல்லாமல் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.

பதம் நெருங்கும் சமயத்தில் சிட்ரிக் அமிலத்தை ஒரு கரண்டி நீரில் கரைத்துச் சேர்த்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடவேண்டும்.

பதம் அறிதல்

ஜாம் செய்வதில் கைத்திறன் எல்லாம் இங்கேதான் உள்ளது. முந்தி இறக்கினால் பூஞ்சாணம். பிந்தி இறக்கினால் மிட்டாய்.

நம்பத்தக்க வழி தராசு. ஒரு கிலோ சர்க்கரை போட்டிருந்தால், முடிந்த ஜாம் ஒன்றரைக் கிலோவுக்கும் 1 கிலோ 600 கிராமுக்கும் இடையே நிற்கவேண்டும். கணக்கு எளிது. நாம் இட்ட சர்க்கரை 1000 கிராம். கூழிலேயே உள்ள கரைபொருள் 60, 70 கிராம். இரண்டும் சேர்ந்து 1600 கிராம் ஜாமில் நூற்றுக்கு 66 பங்கு வரும். 1500 கிராமில் 71 பங்கு வரும். 1650 கிராமிலேயே இறக்கிவிட்டால் 65-க்குக் கீழே போய்விடும். வெற்றுப் பாத்திரத்தின் எடையை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அடுப்பிலிருந்து இறக்கி, தராசுத் தட்டில் ஒரு பலகைத் துண்டு வைத்து (அதன் எடையையும் கழித்து) நிறுத்துப் பார்த்து, போதாவிடில் மீண்டும் ஏற்றலாம். இரண்டு மூன்று ஈடு இப்படி நிறுத்துச் செய்துவிட்டால் பிறகு கண்ணே தராசாகிவிடும்.

வெப்பமானி உள்ளவர்கள் 105 டிகிரி செண்டிகிரேடு வந்ததும் இறக்கலாம். ஆவூர் போன்ற சமவெளிக்கு இந்த அளவு சரி. கொடைக்கானல் உயரத்தில் நீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடுவதால் அங்கு 98 டிகிரி போதும். மலையில் அச்சிட்ட குறிப்பைச் சமவெளியிலும், சமவெளிக் குறிப்பை மலையிலும் பின்பற்றினால் பதம் தவறும்.

தராசும் வெப்பமானியும் இல்லாதபோது, கரண்டியில் சிறிது எடுத்து ஆறவிட்டுச் சரித்துப் பார்க்கலாம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஆகவில்லை. இரண்டு சொட்டுகள் ஓரத்தில் ஒன்றுகூடித் தகடுபோல் விழுந்தால் பதம் வந்துவிட்டது. குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் அடியில் போய் உட்காரவேண்டும். சோதித்துப் பார்க்கும் நேரத்தில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைக்க மறக்கலாகாது. பதம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதம் தாண்டிவிடும்.

பாட்டிலில் அடைத்தல்

வாய் அகன்ற, இறுக மூடும் திருகுமூடி கொண்ட கண்ணாடிப் பாட்டில்களே ஏற்றவை. ஊறுகாய் இருந்த பாட்டிலாயின் மூடியை மட்டுமாவது புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய மூடியில் எண்ணெய் மணம் போவதே இல்லை. பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, பாட்டில்களைத் தண்ணீரில் முழுக வைத்து, தண்ணீரோடு சேர்த்தே சூடேற்றி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு எடுக்க வேண்டும். கொதிநீரில் திடீரென்று போட்டால் விரிசல் விடும். எடுத்து, சுத்தமான துணிமீது கவிழ்த்து ஈரமற உலர்த்தவேண்டும். துடைப்பது நல்லதன்று. துணியிலிருந்தே பூஞ்சாண வித்து ஒட்டிக்கொள்ளும்.

ஜாம் சூடாக இருக்கும்போதே, பாட்டிலும் வெதுவெதுப்பாக இருக்கையில், மரப்பலகை மீது வைத்து ஊற்றவேண்டும். சிமெண்டுத் தரையிலோ ஈரக் கல்மேடையிலோ வைத்தால் பாட்டில் வெடிக்கும். மேலே அரை அங்குல இடம் விட்டு உடனே மூடிவிட வேண்டும். ஜாமின் மேற்பரப்பில் உருக்கிய மெழுகை ஊற்றி மூடும் முறை பழைய கையேடுகளில் காணப்படும். மெழுகு சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டால் அதன் வழியே பூஞ்சாணம் புகும். கொதிசூட்டில் அடைத்து இறுக மூடுவதே போதுமானது. சர்க்கரை அளவும் பதமும் சரியாக இருந்தால் சோடியம் பென்சோயேட் போன்ற காப்புப் பொருளும் வீட்டு ஜாமுக்குத் தேவைப்படாது. பதம் தவறிய ஜாமை மருந்து போட்டுக் காப்பாற்ற நினைப்பது வீண் வேலை.

செய்த தேதியைத் தாளில் எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வைத்தால் திறவாத பாட்டில் ஆறு மாதத்திற்குக் குறையாமல் இருக்கும். திறந்தபின் காய்ந்த கரண்டியால் எடுத்து ஒரு மாதத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். நம் கோடையில், குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டில் அதில் வைப்பதே நலம். ஒரே பெரிய பாட்டிலில் அடைப்பதைவிடக் கால் கிலோப் பாட்டில்கள் நான்கில் அடைப்பது இதனால்தான் நல்லது.

மேலே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சாணம் பூத்தால் அதை வழித்துவிட்டு அடியில் உள்ளதை உண்ணும் வழக்கம் உண்டு. இதைக் கைவிட வேண்டும். பூஞ்சாணத்தின் இழைகளும், சில வகைகள் உண்டாக்கும் நஞ்சும், கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. பாட்டிலோடு கொட்டிவிடுவதே முறை. மேலே நீர் தேங்கி நுரைத்து, மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று வெளிவந்தால் அது நொதித்துவிட்டது. அதுவும் ஆகாது.

ஊட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு. காய்ச்சும்போது அதில் நல்ல பங்கு அழிந்துவிடும். ஆகவே பழம் கிடைக்கும் நாளில் பழமாகவே தின்பதுதான் சிறப்பு. ஜாம் என்பது மிஞ்சியதைக் காக்கும் வழி. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்ற பண்டம் அன்று.

ஸ்ட்ராபெரி கிடைத்தால்

கொடைக்கானலுக்குச் சென்று வருபவர்கள் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கி வந்தால் அதைக் கூழாக்காமல் முழுப்பழமாகவே பாகில் நிறுத்தலாம். கழுவி, காம்பு நீக்கி, பழத்துக்குச் சம எடை சர்க்கரையை அடுக்கடுக்காகத் தூவி ஓர் இரவு மூடி வைக்கவேண்டும். சர்க்கரை பழத்தின் நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் மறுநாள் குறைந்த நேரமே காய்ச்சினால் போதும், பழமும் குழையாது. கிலோவுக்கு இரண்டு மூன்று எலுமிச்சையின் சாறு சேர்க்கவேண்டும். அப்போதும் தளர்வாகவே இருக்கும். செங்கொய்யாத் துண்டுகளை நீரில் வேகவைத்துப் பிழியாமல் வடித்த சாறு ஒரு குவளையும், அதன் எடைக்குச் சமமான சர்க்கரையும் கூட்டிக் காய்ச்சினால் இறுக்கம் கிடைக்கும். நம் விதிகளும் ஸ்ட்ராபெரிக்குச் சலுகை தந்துள்ளன. மற்றப் பழ ஜாமில் பழம் நூற்றுக்கு 45 பங்காவது இருக்கவேண்டும். ஸ்ட்ராபெரி ஜாமில் 25 பங்கு இருந்தாலே போதும். கடையில் ஸ்ட்ராபெரி ஜாம் வாங்குபவர் பாட்டிலின் பின்புறத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

விற்பனைக்குச் செய்ய எண்ணுபவர்களுக்கு

ஓர் ஆண்டாவது வீட்டுக்கும் உறவினர்க்கும் செய்து, எந்த ஈடு கெட்டது, எது நின்றது என்று எழுதி வைத்த பிறகே விற்பனையை நினைக்கவேண்டும். கூழ் எடுக்கும் இயந்திரத்துக்குக் கடன் வாங்குவதை முதற் படியாகக் கொள்வது என் கருத்தில் தலைகீழான வேலை. கணக்குப் போடும்போது பழத்தை "நம் மரத்துப் பழந்தானே" என்று விட்டுவிடாமல் அன்றையச் சந்தை விலையில் எழுதுங்கள். சர்க்கரை, எரிபொருள், எலுமிச்சை, பாட்டில், மூடி, வீட்டுப் பெண்களின் அரைநாள் உழைப்பு ஆகிய எல்லாவற்றையும் எழுதுங்கள். பழம் மலிந்த காலத்தில் ஜாமைவிடப் பாட்டிலே விலை கூடியதாகத் தெரியவரும். தெரிந்தவர்களிடம் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் ஏற்பாடு உள்ளூரில் எளிது. திருச்சிக் கடைக்கு அனுப்பும்போது அது நடவாது.

விலைக்கு விற்பதாயின், வீட்டில் செய்வதானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும். பாட்டிலில் சேர்மானம், நிகர எடை, செய்த தேதி, எந்நாள் வரை பயன்படுத்தலாம் என்பது, செய்தவர் முகவரி, பதிவு எண் ஆகியவை இருத்தல் வேண்டும். பதிவு பற்றிய விவரம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கிடைக்கும். செய்முறைப் பயிற்சிக்கு, வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பழப் பொருள்கள் குறித்த பயிற்சி எப்போது நடைபெறும் என்று கேட்டறியலாம். செல்லும்போது நீங்கள் செய்த ஜாமில் ஒரு பாட்டிலை எடுத்துச் சென்று, கரைபொருள் அளவைக் காட்டும் கைக்கருவியில் பார்த்துத் தரும்படி கேளுங்கள்.